கொட்டாம்பட்டியிலிருந்து பாப்பாகுறிச்சி வரை

மதுரை–திருச்சி நான்குவழிச் சாலையில் மேலூரைத் தாண்டிக் கருங்காலக்குடி வந்ததும் வயல்கள் குறைந்து குன்றும் பாறையும் தலைகாட்டத் தொடங்கும். அடுத்தது கொட்டாம்பட்டி. திருச்சிக்கு அவசரமாகப் போகிறவர்கள் இந்த ஊரைக் கவனிப்பதில்லை. ஊட்டச்சத்துத் துறையில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். உலக வங்கியின் கடனுதவியோடு 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் சோதனை முயற்சியாக முதலில் தொடங்கியது இந்தக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். இதே சாலையில் வடக்கே போய், திருச்சியில் தஞ்சாவூர்ச் சாலைக்குத் திரும்பினால் காட்டூர்ப் பக்கம் பாப்பாகுறிச்சி வரும். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர் அது. பிள்ளையை நிறுத்துப் பார்க்கத் தொடங்கிய ஊர் ஒன்று, பிள்ளைக்குச் சோறு போடத் தொடங்கிய ஊர் இன்னொன்று. நடுவில் சில மணி நேரப் பயணம்தான்.

இந்தச் சாலையை ஒட்டிய கிராமங்களின் அங்கன்வாடிகளில் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு ஓடியாடுகிறார்கள் என்று முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்யும் மாணவி ஒருவருடன் வைகாசி வெயிலில் கிளம்பினேன். அவருடைய பைதான் முதலில் என் கண்ணில் பட்டது. மடக்கிவைக்கும் உயர அளவுகோல், எடை மேடை, கைச் சுற்றளவு நாடா, கிராம் கணக்கில் காட்டும் சமையல் தராசு. இவற்றுக்கு அடியில், துணி சுற்றிய சின்னச் சின்னப் பெட்டிகள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அந்தக் கருவியை எலாஸ்டிக் பட்டையில் கோத்து இடுப்பில் கட்டிவிட்டால், பிள்ளை அசையும் ஒவ்வொரு அசைவையும் விநாடிக் கணக்கில் பதிந்துகொள்ளும். நடந்ததா, ஓடியதா, சும்மா உட்கார்ந்திருந்ததா என்பதைப் பின்னால் கணினியில் பிரித்துப் பார்க்கலாம்.

கொட்டாம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்து மையத்தில் அம்மாமார்கள் அந்தப் பட்டையைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள்.

“இது கரண்டு கிரண்டு அடிச்சிராதுல்ல தங்கச்சி?”

“அடிக்காதுக்கா. குளிப்பாட்டும்போது மட்டும் கழட்டி வச்சிருங்க. தூங்கும்போதும் இருக்கட்டும்.”

“அரைஞாண் கயிறு மாதிரின்னு நெனச்சுக்கங்கம்மா” என்று அங்கன்வாடி டீச்சர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அதன்பிறகு யாரும் மறுக்கவில்லை. காகிதத்தில் அச்சடித்த ஒப்புதல் படிவம் செய்யாததை அந்த வரி செய்தது.

அன்று எடை பார்க்கும் நாளும்கூட. பழைய மையங்களில் விட்டத்தில் தொங்கும் வட்டத் தராசும் அதில் மாட்டிய கால்சட்டை போன்ற துணித் தூளியும் இருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்ததுமே அழும். இப்போது தரையில் வைக்கும் மின்னணு மேடை. ஆனாலும் அழுகை குறையவில்லை. இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று மேடையில் ஒரு காலை வைத்து, மறு காலைத் தூக்காமல் டீச்சரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. எண் ஓடிக்கொண்டே இருந்தது, நிலைக்கவில்லை. டீச்சர் அவசரப்படவே இல்லை. தலைப்பை மெல்ல விடுவித்துப் பிள்ளையின் கையில் ஒரு பிளாஸ்டிக் கிளியைக் கொடுத்தார். எண் நின்றது. இளஞ்சிவப்பு அட்டையில் அந்த மாதக் கட்டத்தில் புள்ளி வைத்தார். புள்ளி பச்சைப் பட்டையில் விழுந்தது. மஞ்சளில் விழுந்தால் மிதமான எடைக்குறைவு, ஆரஞ்சில் விழுந்தால் கடுமையான எடைக்குறைவு. பிறகு இடது மேல்கையில் நாடாவைச் சுற்றினார்கள். பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அந்தப் பிள்ளைக்கு மருத்துவரின் கவனிப்பு வேண்டும். இந்தப் பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை.

மாதா மாதம் நிறுப்பது என்ற இந்த வழக்கம் 1980 திட்டத்தின் உயிர்நாடி. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை ஊர்ப்பெண் ஒருவரே வீடு வீடாக அழைத்து வந்து நிறுத்தார். எடை கூடாத பிள்ளைக்கு மட்டும் சில மாதங்கள் சத்து லட்டு கொடுத்தார்கள். எடை ஏறியதும் நிறுத்திக்கொண்டார்கள். எல்லாருக்கும் எல்லாம் கொடுக்காமல், தேறாத பிள்ளையைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அன்றைக்குப் புது யோசனை. திட்டம் நடந்த இடங்களில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு கணிசமாக இறங்கியது. உலகம் முழுவதும் பாடப்புத்தகங்களில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் திட்டம் அது. ஊழியருக்கு வேலைகள் குறைவு, ஒவ்வொரு வேலையும் தெளிவு, செய்ததைப் பார்த்துச் சரிசெய்ய மேலே ஒரு மேற்பார்வையாளர். அது வென்றதற்குக் காரணம் இந்த ஒழுங்குதான் என்று நான் நினைக்கிறேன். 1990-களின் இறுதியில் அது 1975-இல் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தோடு கலந்தது. இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள். ஊரில் இன்னமும் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாணவியின் சமையல் தராசு வெளியே வந்தது. உதவியாளர் அம்மா தட்டில் தக்காளி சாதம் போடுவார். மாணவி தட்டை நிறுத்து எழுதிக்கொண்டு பிள்ளையிடம் கொடுப்பார். சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை நிறுப்பார். பிள்ளைக்கு ஒதுக்கீடு 80 கிராம் அரிசி, 10 கிராம் பருப்பு. வாரத்தில் மூன்று நாள் முட்டை. காகிதத்தில் இருப்பது வயிற்றுக்குள் எவ்வளவு போகிறது என்பதை நிறுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஒரு பையன் முட்டையின் வெள்ளையைப் பொறுமையாக உரித்து உரித்துத் தின்றுவிட்டு மஞ்சளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினான். உதவியாளர் அம்மா சத்தமில்லாமல் வந்து அந்த மஞ்சளை அவன் சோற்றிலேயே பிசைந்து உருட்டிக் கொடுத்தார். தட்டு காலியானது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய மருந்து என்று அந்தத் தட்டைப் பார்த்தபோது தோன்றியது.

சாப்பாட்டையாவது நிறுத்துவிடலாம். ஓட்டத்தை அளப்பது கடினம். கருவி இடுப்பில் இருந்தாலும், பிள்ளை ஏன் ஓடியது, ஏன் உட்கார்ந்தது என்பதை அது சொல்லாது. அதற்குக் கண்தான் வேண்டும். மாணவி ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரு பிள்ளையை மட்டும் தேர்ந்துகொள்வார். ஐந்து விநாடி பார்ப்பார், இருபத்தைந்து விநாடி எழுதுவார். மறுபடி ஐந்து விநாடி. உள்ளேயா வெளியேயா, தனியாகவா கூட்டமாகவா, கையில் என்ன இருந்தது, பெரியவர் யாராவது விளையாடச் சொன்னார்களா அல்லது தடுத்தார்களா என்று குறியீடுகளாக எழுதிக்கொண்டே போவார். முதல் நாள் பதிவை அவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆய்வுக்கு ஆள் வந்திருக்கிறார் என்றதும் டீச்சர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கையைத் தூக்கி இறக்கி உடற்பயிற்சி செய்யவைத்துவிடுவார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் போனால்தான் மையம் தன் இயல்புக்குத் திரும்பும்.

ஐந்து வயதுக்குட்பட்டவர்களின் உடலியக்கம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட பரிந்துரை எளிமையானது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது உடலசைந்து விளையாட வேண்டும். அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும். திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. தூக்கம் பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம். ஒரே இடத்தில் கட்டிப்போட்டதுபோல் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைக்கவே கூடாது. பகலின் பெரும்பகுதியை மையத்தில் கழிக்கும் பிள்ளைக்கு இந்த மூன்று மணி நேரத்தில் பாதியாவது அங்கே கிடைக்க வேண்டும்.

சோறே போதாத பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வழியில் தேநீர்க்கடையில் ஒருவர் என்னிடமே கேட்டார். “திங்கறதே கொஞ்சம், அதையும் ஓடியே தீத்துட்டா ஒடம்புல என்ன சார் ஒட்டும்?” நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நாலில் ஒரு பிள்ளைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை என்கிறது முன்பு சொன்ன தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதே கணக்கெடுப்பில்தான், பெரியவர்களான பெண்களில் 40 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடை என்றும் இருக்கிறது. இந்த இரண்டு எண்ணும் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. குறைந்த எடையில் பிறந்தும் தசை குறைந்து கொழுப்பு கூடிய உடலோடு இருக்கும் இந்தியக் குழந்தைகளைப் பற்றிப் புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இப்படிப் பிறக்கும் பிள்ளைக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல். சாப்பிட்டது தசையாகவும் எலும்பாகவும் சேர வேண்டுமானால் பிள்ளை குதிக்க வேண்டும், ஏற வேண்டும், விழுந்து எழ வேண்டும். பசியும் தூக்கமும் அதில்தான் வரும். தேநீர்க்கடைக்காரரிடம் இவ்வளவும் சொன்னேன். “அப்ப ரெண்டும் வேணுங்கிறீங்க” என்றார். ஆமாம், இரண்டும்தான்.

துவரங்குறிச்சியைத் தாண்டிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு சிற்றூரில் நான் எதிர்பாராத மையம் ஒன்றைப் பார்த்தேன். கட்டடம் பழையது, சுண்ணாம்பு உதிர்ந்தது. ஆனால் பின்பக்கம் வேப்பமரத்தடியில் நாற்பது அடி நீளத்துக்குத் தரை. சுற்றி முள்வேலி போட்டு, ஒரு தகரக் கதவு. பாதி மண்ணில் புதைத்த பழைய டயர்கள். கோடையில் சேர்ந்த நுங்குக் கூந்தல்களில் குச்சி செருகி யாரோ ஒரு தாத்தா நுங்கு வண்டி செய்து கொடுத்திருந்தார். காலை ஒன்பதரைக்கே பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவன் வண்டியை உருட்டிக்கொண்டு ஓட, நாலு பேர் பின்னால் ஓட, ஒரு சுற்று முடிந்ததும் வண்டி கை மாறியது. யாரும் சொல்லிக்கொடுத்த விளையாட்டல்ல அது. இரண்டு பெண் பிள்ளைகள் டயரிலிருந்து டயருக்குத் தாவிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி தவறி விழுந்தாள், முழங்காலில் மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஏறினாள். மாணவியின் தாளில் ‘வேகம்’ என்ற குறியீடு அடுத்தடுத்து விழுந்தது.

அந்த மையத்து டீச்சரின் ரகசியம் ஒன்றும் பெரிதல்ல. “வெயில் ஏறுறதுக்குள்ள விளையாடிறணும் சார். பத்தரைக்கு மேல இந்த மண்ணுல கால் வைக்க முடியாது. வருகைப் பதிவு, போட்டோ, போன்ல ஏத்துற வேலையெல்லாம் அதுக்கப்புறம்தான்.” அவர் சொன்னதன் கனம் எனக்கு மறுநாள்தான் புரிந்தது. மற்ற மையங்களில் ஒன்பது முதல் பத்தரை வரைதான் பதிவேட்டு நேரம். உதவியாளர் அடுப்படியில் இருப்பார். டீச்சர் கைபேசியைப் பிடித்தபடி பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்திருப்பார். வெயில் ஏறாத ஒரே நேரத்தைப் பதிவேடு தின்றுவிடுகிறது. இந்த ஊரில் வெளியே ஓடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போகாத ஒரு பாட்டி தினமும் வந்து வேலியோரம் உட்கார்ந்துகொள்கிறார். அவருக்குச் சம்பளம் கிடையாது. அவர் வராத அன்று பிள்ளைகள் வெளியே போவதில்லை.

நேர் எதிரான காட்சி அடுத்த நாள். ஊர்ப் பெயர் வேண்டாம். சாலையோரச் சிறு நகரம், வாடகைக் கட்டடம், இரண்டு அறை. வாசல் கதவைத் திறந்தால் நேரே தார்ச்சாலை, லாரிகள். இரும்புக் கம்பிக் கதவைப் பூட்டியே வைத்திருந்தார்கள். உள்ளே பிள்ளைகள் சுவரை ஒட்டி வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள், கையைச் சுழற்றினார்கள், கைதட்டினார்கள். டீச்சருக்குக் குரல் வளமும் அன்பும் இருந்தன. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தின் பக்கங்களை மனப்பாடமாகச் சொன்னார். ஆனால் ஆட இடமில்லை. மாணவியின் தாளில் ‘உட்கார்ந்து’, ‘உட்கார்ந்து’, ‘நின்று’, ‘உட்கார்ந்து’ என்றே நீண்டது. கம்பிக் கதவைப் பிடித்து ஏற முயன்ற மூன்று வயதுப் பையனை டீச்சர் இறக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறினான். மறுபடி இறக்கிவிட்டார்.

“வெளிய விட்டா ரோட்டுக்குப் போயிரும் சார். ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? இன்னொரு சென்டருக்கும் நான்தான் கூடுதல் பொறுப்பு.”

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீடு வீடாகக் கணக்கெடுப்பு, தடுப்பூசி நாள், கர்ப்பிணிப் பதிவு, சில இடங்களில் வாக்காளர் பட்டியல் வேலை என்று எல்லாம் ஒரே ஆளின் தலையில். போதாததற்குத் தாய்மார்களிடமிருந்து வேறொரு நெருக்கடி. “பிள்ளை எப்ப டீச்சர் எழுதும்?” என்று கேட்கிறார்கள். தெருமுனைத் தனியார் பள்ளியில் மூன்று வயதிலேயே மேசை, நோட்டு, பென்சில். எழுதாத பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பயத்தில் மூன்றரை வயதில் பிள்ளையை அங்கே மாற்றிவிடுகிறார்கள். 2019-இல் அரசுப் பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கியதும் இந்த நெருக்கடிக்கான பதில்தான். அந்த வகுப்புகளிலும் உட்காரும் நேரம் கூடி, ஓடும் நேரம் குறைந்துவிடக் கூடாதே என்பது என் கவலை.

அங்கன்வாடிக் கட்டடம் குறைந்தது 600 சதுர அடி இருக்க வேண்டும், உள்ளேயும் வெளியேயும் பிள்ளைகள் விளையாடத் தனி இடம் வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. விதி இல்லாமல் இல்லை. சோற்றுக்கு ஒதுக்கீடு உண்டு, கிராம் கணக்கு உண்டு, முட்டைக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. எடைக்கு அட்டை உண்டு. 2022 மே மாதம் நீலகிரியில் முதலமைச்சர் தொடங்கிவைத்த ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நிறுத்து அளந்து, கடுமையாக மெலிந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அளந்ததால்தான் கவனித்தார்கள். இன்று பிள்ளைகள் எத்தனை நிமிடம் ஓடினார்கள் என்பதற்கு நான் பார்த்த எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை. அதற்காக டீச்சரின் கைபேசியில் இன்னொரு கட்டத்தைச் சேர்க்கச் சொல்ல மாட்டேன். அந்தக் கட்டத்தை நிரப்பவும் அவர் பிள்ளைகளைப் பாயில் உட்காரவைக்க வேண்டிவரும். நிமிடங்களை மாணவியைப் போன்ற ஆய்வாளர்கள் எண்ணட்டும். டீச்சருக்கு வேண்டியது வேலியும் கதவும் நிழலும், காலை ஒரு மணி நேரம் கூட நிற்க இன்னொரு ஆளும்.

விராலிமலை தாண்டித் திருச்சிக்குள் நுழைந்து தஞ்சாவூர்ச் சாலைக்கு வந்தோம். பாப்பாகுறிச்சி இன்று கிராமம் என்று சொல்லும்படி இல்லை. வீடுகள் நெருங்கிவிட்டன, சாலையில் இரைச்சல் ஓய்வதில்லை. பக்கத்தில் பெல் ஆலை, அதைச் சார்ந்த சிறு தொழிற்கூடங்கள், அவற்றில் வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்கள். 1982-இல் இங்கே தொடங்கியதன் பெருமை பள்ளிக்கூடத்துச் சோற்றோடு முடிவதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு காமராசர் காலத்திலேயே வந்துவிட்டது. சத்துணவு இரண்டு வயதுப் பிள்ளைக்கும் தட்டு வைத்தது. பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளையின் பசிக்கும் அரசு பொறுப்பு என்று ஏற்றுக்கொண்ட நாள் அது. செலவுக்குப் பணம் எங்கே என்று அப்போது கேட்டவர்கள் பலர். திட்டம் நிலைத்தது. அடுத்தடுத்து வந்த அரசுகள் முட்டை சேர்த்தன, காய்கறி சேர்த்தன, கலவைச் சாதம் சேர்த்தன. ஆட்சி மாறியும் யாரும் அதை நிறுத்தத் துணியவில்லை.

அந்தப் பகுதியில் நாங்கள் உட்கார்ந்த மையத்தில் வெளியிடம் கொஞ்சம் இருந்தது. அதில் பாதியில் சிமென்ட் மூட்டையும் உடைந்த பெஞ்சுகளும் அடுக்கியிருந்தார்கள். மீதிப் பாதியில் பிள்ளைகள் கல்லா மண்ணா விளையாடினார்கள். அந்த மூட்டைகளை எடுத்துவிட்டால் இடம் இரண்டு மடங்காகும் என்று மாணவி டீச்சரிடம் சொன்னார். பலமுறை எழுதிக் கொடுத்திருப்பதாக டீச்சர் சொன்னார். வாசலில் பிள்ளையை அழைத்துப் போக வந்து நின்ற ஓர் அப்பா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “இதுக்கு எதுக்குங்க மனு? ஞாயித்துக்கிழமை நாலு பேர் வந்தா ஒரு மணி நேர வேலை” என்றார். மறுவாரம் அந்த இடத்தைத் துப்புரவு செய்துவிட்டதாக மாணவி தொலைபேசியில் சொன்னார்.

உங்கள் ஊரிலும் ஓர் அங்கன்வாடி இருக்கும். ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் வெளியே இருக்கிறார்களா, பாயில் இருக்கிறார்களா என்று கவனியுங்கள். டீச்சரிடம் என்ன தடை என்று கேளுங்கள், அவர் சொல்வார். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வேலி, கதவு, நிழல், காலையில் கூட நிற்க ஓர் ஆள் என்ற நான்கையும் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள்.